கரிசலில் பாட்டுக்குப் பெரியவர் யார்?

கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டரில் எட்டயபுரம். மேற்கே இருபது கிலோமீட்டர் போனால் கழுகுமலை. எட்டயபுரத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் விளாத்திகுளம், நாகலாபுரம். எல்லாம் வானம் பார்த்த பூமி. வைப்பாறு பேருக்கு ஓடுகிறது. வெள்ளாமைக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. மழை பெய்தால் கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் விளையும். இந்தக் காய்ந்த கரிசல் வட்டாரத்தில்தான் முத்துசுவாமி தீட்சிதர் கண்மூடினார். பாரதி பிறந்தார். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து பிறந்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் வாழ்ந்து முடித்தார்.

பாட்டை எழுதி, மெட்டமைத்து, தானே பாடியவர்களில் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் யார் என்ற வழக்கு உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்கப் பத்திரிகையான 'ரோலிங் ஸ்டோன்' 2015இல் நூறு பாடலாசிரியர்களை வரிசைப்படுத்தி பாப் டிலனை முதலில் வைத்தது. அடுத்த ஆண்டே அவருக்கு இலக்கிய நோபல் கிடைத்தது. பாட்டெழுதுகிறவனுக்கு இலக்கியப் பரிசா என்று அங்கே பெரிய சர்ச்சை. நமக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. தாகூர் 1913லேயே அதே பரிசைப் பெற்றார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களுக்குச் சொல்லும் மெட்டும் அவருடையவை. தேவாரம் பாடிய மூவரில் தொடங்கினால் தமிழில் கவிஞனையும் பாடகனையும் பிரித்துப் பார்த்த காலமே குறைவு. தென்னாட்டில் இந்த வழக்கு வழக்கமாகக் காவிரிக்கரையில்தான் நடக்கும்: தியாகராஜரா, தீட்சிதரா, சியாமா சாஸ்திரியா என்று. அதே கேள்வியைக் கரிசல் காட்டில் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

முதலில் அளவுகோல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அரசவையில் இருந்த சார்ங்கதேவர் 'சங்கீத ரத்னாகரம்' என்ற நூலில் இதற்கு ஒரு தரவரிசையே வகுத்திருக்கிறார். சொல்லிலும் இசையிலும் ஒருசேரத் தேர்ந்தவன் உத்தம வாக்கேயக்காரன். இசை வலுவாக இருந்து சொல் மெலிந்தால் அவன் நடுத்தரம். அழகான சொல் இருந்து இசை மெலிந்தால் கடைசித் தரம். இன்னொருவர் அமைத்த மெட்டுக்குச் சொல் கட்டுகிறவனுக்குக் 'குட்டிகாரன்' என்று தனிப் பெயர் கொடுத்து ஒதுக்கி வைக்கிறார். எழுநூறு ஆண்டுகளாகச் சங்கீத உலகம் ஏறக்குறைய இந்தக் கணக்கைத்தான் போட்டு வருகிறது. கரிசலின் பெரிய பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் இந்தக் கணக்கு எங்கே பொருந்துகிறது, எங்கே முறிகிறது என்பது தெரியும்.

தீட்சிதரிலிருந்து தொடங்குவோம். திருவாரூரில் பிறந்தவர். கடைசிக் காலத்தில் எட்டயபுரம் வந்ததற்குக் காரணம் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கே ஆஸ்தான வித்துவானாக இருந்தது. பாலுசுவாமி சென்னையில் ஐரோப்பிய வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குப் பழக்கியவர்களில் முன்னோடி. அண்ணன் வரும் வழியில் சாத்தூர்ப் பக்கம் காய்ந்து வெடித்த நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷிணி ராகத்தில் 'ஆனந்தாம்ருதகர்ஷிணி' கீர்த்தனையைப் பாட, மழை கொட்டியது என்பது வழிவழியாக வரும் கதை. கதை உண்மையா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கதை நடக்க இந்த நிலம்தான் வேண்டியிருந்தது. தஞ்சை வயல்வெளியில் மழைக்காகப் பாடியதாகக் கதை கட்டினால் யாருக்கும் நெஞ்சு பதறாது. 1835 தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் அவர் உயிர் பிரிந்தது. சமாதி அங்கேயே இருக்கிறது.

சார்ங்கதேவர் கணக்குப்படி தீட்சிதர் உத்தமரிலும் உத்தமர். ஒரு ராகத்தின் முழு உருவத்தையும் ஒரே கீர்த்தனைக்குள் நிறுத்திக் காட்டியவர். நவக்கிரகத்துக்கும் நவாவரணத்துக்கும் வரிசை வரிசையாகச் செய்தவர். ஆனால் அவரே குட்டிகாரன் வேலையும் செய்திருக்கிறார். கும்பெனிப் பட்டாளத்து பேண்டு வாத்தியத்தில் கேட்ட ஆங்கில மெட்டுகளுக்கு சமஸ்கிருதச் சொல் கட்டியிருக்கிறார். இங்கிலாந்து அரசனை வாழ்த்தும் பாட்டின் மெட்டுக்கூட அதில் உண்டு. இன்று குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் நோட்டுஸ்வரங்கள் அவைதான். மெட்டைக் கடன் வாங்குவது குறை என்றால் தீட்சிதருக்கும் அந்தக் குறை உண்டு. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது.

தீட்சிதரின் பெருமை இன்று வரை நிற்பதற்கு அவர் மேதைமை மட்டும் காரணமில்லை. பாலுசுவாமியின் மகள் வழிப் பேரனும் சுவீகாரப் பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனையிலேயே வளர்ந்தவர். சென்னையிலிருந்த சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவ அன்பர், வாய்மொழியாக இருக்கும் செல்வம் அழிந்துபோகும் என்று அவரை விடாமல் தூண்டினார். எட்டயபுரம் மன்னர் பொருள் கொடுத்தார். 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில் மாபெரும் நூல். முத்துசுவாமி தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் சுரக்குறிப்போடு அதில் இருக்கின்றன. சுரத்தை மட்டும் எழுதினால் போதாது, அதன் அசைவையும் எழுத வேண்டும் என்று கமகத்துக்குத் தனிக் குறியீடுகள் அமைத்தார் சுப்பராம தீட்சிதர். எட்டயபுரம் மன்னர்களே இயற்றிய பாடல்களும் அந்த நூலில் உண்டு. ஒரு சின்ன பாளையத்து ஊர் இந்தியச் சங்கீதத்துக்குச் செய்த மிகப் பெரிய காரியம் அது. இன்று தீட்சிதர் கீர்த்தனையில் பாடபேதம் வந்தால் கடைசி சாட்சியாக அந்த நூலைத்தான் கூப்பிடுகிறார்கள்.

நூல் அச்சாகிக் கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் அதே ஊரில், அதே அரண்மனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் இருபது வயது சுப்பிரமணிய பாரதி. காசியிலிருந்து திரும்பியவர் 1904இல் எட்டயபுரத்தை விட்டு மதுரைக்கும், பிறகு சென்னைக்கும் போனார். சுப்பராம தீட்சிதர் 1906இல் காலமானபோது பாரதி மனம் உருகி இரங்கற்பா எழுதினார். ஆனால் பிற்காலத்தில் சங்கீதத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளின் கம்பீரத்தைப் போற்றிவிட்டு, அவை சமஸ்கிருதத்தில் இருப்பதால் தமிழ்ப் பொதுமக்கள் உள்ளத்தில் இறங்க முடியவில்லை என்று சொன்னார். வித்துவான்கள் பொருள் தெரியாமல் அதே கீர்த்தனைகளையே திருப்பித் திருப்பிப் பாடுவதையும் கண்டித்தார். 1940களில் அண்ணாமலை செட்டியாரும் ராஜாஜியும் கல்கியும் நடத்திய தமிழிசை இயக்கத்தின் வித்து இந்த எட்டயபுரத்துக்காரர் சொன்ன குறையில் இருக்கிறது.

பாரதியைப் பாட்டெழுதிப் பாடியவராக எடைபோடும்போதுதான் எனக்கு மனம் நோகிறது. அவர் பாடினார் என்பதில் சந்தேகமே இல்லை. உரத்த குரலில், உணர்ச்சியோடு, கேட்டவர்கள் மெய்சிலிர்க்கப் பாடினார் என்று பழகியவர்கள் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். புதுச்சேரியில் சிறுமியாக அவர் வீட்டில் வளைய வந்த யதுகிரி அம்மாளின் 'பாரதி நினைவுகள்' நூலைப் படித்தால், ஒவ்வொரு பாட்டும் எந்தச் சூழ்நிலையில் அவர் வாயிலிருந்து வந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து கேட்பது போலிருக்கும். பல பாடல்களுக்கு ராகமும் தாளமும் அவரே குறித்திருக்கிறார். ஆனால் ராகத்தின் பெயர் மட்டும் மெட்டாகிவிடாது. அவர் பாடிய மெட்டுகளில் பெரும்பாலானவை சுரக்குறிப்பாக நமக்கு வந்து சேரவில்லை. இன்று நாம் பாரதி பாட்டு என்று முணுமுணுப்பவற்றில் பல பின்னால் வந்தவர்கள் அமைத்தவை. 1947இல் ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் வந்த பாடல்கள் வீடு வீடாகப் பாரதியைக் கொண்டு சேர்த்தன; அந்தப் படத்தின் இசை ஆர். சுதர்சனம். 1949இல் சென்னை அரசு பாரதி நூல்களின் உரிமையை வாங்கி நாட்டுக்குப் பொதுவாக்க முனைந்தது. சொல் பொதுவாயிற்று. மெட்டு அதற்கு முன்பே காற்றோடு போய்விட்டது.

தாகூருக்கு இது நேரவில்லை. அவர் பாடப் பாட உறவினர் தினேந்திரநாத் பக்கத்தில் இருந்து சுரப்படுத்தினார். விஸ்வபாரதி அவற்றைத் தொகுத்துக் காத்தது. பாரதிக்குப் பக்கத்தில் ஒரு தினேந்திரநாத் இல்லை. கமகத்தைக்கூட எழுதிவைக்கத் தெரிந்த சுப்பராம தீட்சிதரின் ஊரிலேயே பிறந்தவருக்கு இப்படி ஆனது என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

பாரதி கடன் வாங்கிய மெட்டுகளும் உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை மெட்டிலேயே அரசியல் கிண்டல் எழுதினார். கிளிக்கண்ணி, கும்மி, சிந்து, நொண்டிச்சிந்து என்று கிராமத்து வடிவங்களை எடுத்து அவற்றில் புது நெருப்பை ஏற்றினார். குயில் பாட்டில் ஏற்றம் இறைப்பவர் பாட்டுக்கும் நெல் இடிப்பவர் பாட்டுக்கும் சுண்ணம் இடிக்கும் பெண்கள் பாட்டுக்கும் நெஞ்சைப் பறிகொடுத்ததாகக் குயிலின் வாயால் சொல்கிறார். கேட்பவன் காதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெட்டில் புதுச் சொல்லை வைத்தால் அது ஒரே நாளில் ஊர் முழுக்கப் போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சார்ங்கதேவர் இதைக் குட்டிகாரன் வேலை என்பார். விடுதலைக்குப் பாட்டெழுதுகிறவனுக்கு இதைவிடக் கூர்மையான வழி கிடையாது என்பேன் நான். அமெரிக்காவில் உடி கத்ரி பழைய நாட்டுப்புற மெட்டுகளில் தொழிலாளர் பாட்டைக் கட்டியதும், இளவயது டிலன் அவர் வழியில் போனதும் இதே அறிவினால்தான்.

நாடக மேடைக்காரர்களை இந்த வழக்கில் வழக்கமாகச் சேர்ப்பதில்லை. அது தவறு. தூத்துக்குடி வட்டாரத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் முதலில் எமனாகவும் சனீஸ்வரனாகவும் நடித்து, பிறகு வாத்தியாராகி, தமிழ் மேடை ஐம்பது ஆண்டு தின்று வாழ்ந்த பாட்டுகளைக் கொடுத்தார். 1892இல் பிறந்த மதுரகவி பாஸ்கரதாஸ் நாகலாபுரத்தில் வாழ்ந்து 1952இல் மறைந்தார். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்துக்குப் பாட்டெழுதியவர் அவர்தான். அவர் எழுதிய தேசியப் பாடல்கள் தடைகளையும் மீறி மேடையிலும் கிராமபோன் தட்டிலும் ஒலித்தன. அவருடைய நாட்குறிப்புகளைப் பேரன் முருகபூபதி தொகுத்து வெளியிட்டிருக்கிறார். கோவில்பட்டி எழுத்தாளர் கோணங்கிக்கும் அவர் தாத்தாதான். அந்த நாட்குறிப்பைப் புரட்டினால் பாட்டு என்பது அன்றாடத் தொழிலாக, கூலி வேலை போல ஒரு மனிதரிடம் நடந்ததைப் பார்க்கலாம். சிவகாசிக்காரர் விஸ்வநாததாஸ் பாடுவதில் சிங்கம். தேசியப் பாட்டுக்காகப் பலமுறை சிறைக்குப் போனவர். சாதியைச் சொல்லி அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் இருந்தும் மேடையை விடாதவர். 1940 கடைசி நாளில் சென்னையில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிர் விட்டார்.

இவர்களில் எழுதியவர் ஒருவர், பாடியவர் வேறொருவர். அதனால் நம் வழக்கின் கண்டிப்பான எல்லைக்குள் வரமாட்டார்கள். ஆனால் பின்னால் சினிமாவில் சொல்லுக்கு ஒருவர், மெட்டுக்கு ஒருவர், குரலுக்கு ஒருவர் என்று மூன்றாகப் பிரிந்துபோன வழி இங்கேதான் தொடங்குகிறது.

விளாத்திகுளம் சுவாமிகளை விட்டுவிட முடியாது. நல்லப்ப சுவாமி என்ற அவர் சொல்லையே பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் ராக ஆலாபனையிலேயே மணிக்கணக்கில் திளைத்தவர். இடைசெவல் எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அவர் பாட்டில் கிறங்கிக் கிடந்தவர்கள். கி.ரா. அவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மாளாதவர். ஆனால் பாட்டு இயற்றியவர் யார் என்ற கேள்வியில் அவருக்கு இடமில்லை.

இனி கழுகுமலைக்கு வருகிறேன்.

அண்ணாமலை ரெட்டியார் சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்தவர். திருவாவடுதுறை மடத்துக்குப் போய் உ.வே. சாமிநாதையரிடம் பாடம் கேட்டவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் அவைப் புலவரானார். 1891இல், முப்பது வயது நிரம்புமுன் இறந்துபோனார். வீரைத் தலபுராணம், சங்கரநாராயணர் கோயில் திரிபந்தாதி என்று அந்தக் காலப் புலவர்கள் எழுதியாக வேண்டியவற்றை எல்லாம் எழுதினார். அவற்றை இன்று யாரும் திறப்பதில்லை. ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போகும்போது வழிநடைக்காகப் பாடியதாகச் சொல்லப்படும் காவடிச்சிந்துதான் அவரைக் காப்பாற்றியது.

ஊற்றுமலையிலிருந்து கழுகுமலைக்கு நடையாகப் போவதை மனதில் வைத்து அந்தப் பாடல்களைப் பார்க்க வேண்டும். தோளில் காவடி. காலுக்கு ஒரு தாளம் வேண்டும், மூச்சுக்கு ஓர் இடைவெளி வேண்டும். அவர் அடிகள் ஒரு நீண்ட மூச்சில் போய், குறுகிய துண்டுகளாக உடைந்து, இயைபில் மோதி நின்று, மறுபடி கிளம்புகின்றன. தாளத்தைப் பக்கத்தில் எழுதி வைக்கத் தேவையில்லை. சொல்லை வாய்விட்டுப் படித்தாலே தாளம் வந்துவிடும். மெட்டும் சொல்லிலேயே புதைந்து கிடக்கிறது. பாரதி பாட்டில் மெட்டு தொலைந்த பின்னும் சொல் தனியாக நிற்கிறது, வேறு மெட்டு போட்டுக்கொள்ள முடிகிறது. தீட்சிதர் கீர்த்தனையின் நாதம் சொல்லின் பொருள் அறியாதவரையும் ஆட்கொள்கிறது. ரெட்டியாரிடம் இரண்டையும் பிரிக்கவே முடியாது. சார்ங்கதேவர் கேட்ட ஒருசேரத் தேர்ச்சி இதற்கு மேல் எப்படி இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அவரிடம் குறை சொல்கிறவர்கள் உண்டு. ஒரே கடவுள், ஒரே மலை, ஒரே வடிவம் என்பார்கள். சிந்து அவருக்கு முன்பே மக்களிடம் இருந்ததுதானே என்பார்கள். சிருங்காரம் மிகுதி என்று முகம் சுளிப்பவர்களும் இருந்தார்கள். முதல் குறை உண்மை. தீட்சிதரின் விரிவோ பாரதியின் விரிவோ அவரிடம் இல்லை. அதற்கு வயதும் வாய்க்கவில்லை. இரண்டாவதற்குப் பதில்: சிந்து இருந்தது, ஆனால் அவர் கை பட்ட பிறகு காவடிச்சிந்து என்றாலே அவர் பாட்டு என்றாகிவிட்டது. மக்களிடம் வாங்கியதை உருமாற்றி மக்களிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு எத்தனையோ பேர் அந்த நடையில் எழுதினார்கள், பாரதியும் எழுதினார். கச்சேரி மேடையில் கடைசித் துக்கடாவாக அவர் பாட்டு போயிற்று. பாடகர்கள் இறுதியில் வைக்கும் அந்தப் பாட்டைக் கேட்கத்தான் கடைசி வரிசைக்காரர்கள் அதுவரை காத்திருக்கிறார்கள். சிருங்காரத்தைப் பற்றி: முருகனை வள்ளியோடு நினைக்கும் நாட்டில் அதைக் குறை என்பது எனக்கு ஏற்பில்லை. கு. அழகிரிசாமி அந்தப் பாடல்களைப் பதிப்பித்தார். கம்பனில் தோய்ந்த ஒருவர் காவடிச்சிந்துக்கும் அதே உழைப்பைக் கொடுத்திருக்கிறார் என்பதை அவர் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே கரிசலில் எழுதி மெட்டமைத்துப் பாடியவர்களில் முதல் இடத்தை அண்ணாமலை ரெட்டியாருக்கே கொடுக்கிறேன். கவிஞர் என்று கேட்டால் பாரதி. சங்கீத மேதை என்று கேட்டால் தீட்சிதர். கேள்வி, சொல்லும் மெட்டும் குரலும் ஓருயிராக இருக்கும் பாட்டைப் பற்றியது என்றால் சென்னிகுளத்துக்காரர்தான்.

இந்தத் தீர்ப்பைச் சொன்ன பிறகும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இந்த வட்டாரத்தில் மிக அதிகமாகப் பாட்டுக் கட்டியவர்கள் இத்தனை நேரம் நான் பெயர் சொன்ன ஒருவரும் இல்லை. அவர்கள் பெண்கள். களையெடுப்பிலும் பருத்தி எடுப்பிலும் கும்மியிலும் தாலாட்டிலும், எல்லாவற்றுக்கும் மேலே இழவு வீட்டிலும் பாடியவர்கள்.

ஒப்பாரியைக் கேட்டிருப்பவர்களுக்குத் தெரியும். வழிவழியாக வரும் மெட்டு, வழிவழியாக வரும் சில அடிகள் உண்டு. ஆனால் செத்தவர் யார், தனக்கு என்ன முறை, அவர் விட்டுப்போன கடன் எவ்வளவு, பிறந்த வீட்டுச் சீர் எப்படி வந்தது அல்லது வராமல் போனது, எந்த மச்சினன் எந்த வரப்புத் தகராறில் என்ன சொன்னான் என்பதெல்லாம் அந்த இடத்திலேயே, அழுகையின் நடுவிலேயே, அடியாகவும் எதுகையாகவும் விழும். பக்கத்தில் கட்டிக்கொண்டு அழுகிறவள் அடுத்த அடியை எடுப்பாள். உயிரோடு இருக்கும்போது வாய் திறந்து கேட்க முடியாத நியாயத்தை அன்றைக்கு ஊர் முன்னால் பாட்டாகக் கேட்டுவிடுவார்கள். யாரும் தடுக்க முடியாது. சொல்லும் மெட்டும் குரலும் ஒரே ஆளிடம், ஒரே கணத்தில் பிறப்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டு ஒரு சாவுக்கு உரியது. பிணம் எடுத்த பிறகு அதே பாட்டை யாரும் திரும்பப் பாடுவதில்லை. எல்லாக் காலத்துக்கும் உரியவர் யார் என்று கேட்கும் போட்டி இவர்களைத் தொடவே தொடாது.

பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்புக்கு விளாத்திகுளம், சிவகிரி வட்டாரங்களிலிருந்து ஏராளமான பாடல்கள் போயின. தங்கம்மாள்புரம் எஸ்.எஸ். போத்தையா போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தார்கள். பாட்டின் கீழே சேகரித்தவர் பெயரும் ஊரும் இருக்கின்றன. அந்த உழைப்பு இல்லாவிட்டால் அந்தச் சொல்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் மெட்டு அதில் இல்லை. பாரதிக்கு நேர்ந்தது அந்தப் பெண்களுக்கும் நேர்ந்தது. அவர்களுக்குப் பெயரும் சேர்ந்து போயிற்று.

இன்றைக்குக் கையில் ஆளுக்கொரு பதிவுக்கருவி இருக்கிறது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கழுகுமலைக்கு நடந்து வருகிறவர்களில் ஒலிபெருக்கியின் சினிமா மெட்டை மீறிப் பழைய காவடிச்சிந்தைப் பாடும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் அவர்கள் இழுப்பும் நிறுத்தமும் மாறும். அந்த மாறுதல்களோடு, சுப்பராம தீட்சிதர் ஒவ்வொரு கமகத்துக்கும் காட்டிய அக்கறையோடு, அவற்றைச் சுரப்படுத்தி அச்சிட வேண்டும். பதிவு ஒவ்வொன்றிலும் பாடியவர் சம்மதித்தால் அவர் பெயர், ஊர், யாரிடம் கேட்டுக் கற்றார் என்ற விவரம் இருக்க வேண்டும். ஒப்பாரியை இழவு வீட்டில் போய்ப் பதிவு செய்யக் கூடாது. பாடத் தெரிந்தவர்களைப் பிறகு பார்த்து, அவர்கள் நினைவிலிருந்து மனமுவந்து பாடுவதைக் கேட்டு வாங்க வேண்டும். கோவில்பட்டியில் கல்லூரிகள் இருக்கின்றன, எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், இசை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒப்பாரி பாடத் தெரிந்த பாட்டிகளில் பலருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.